இறக்கைக்கு முன்னால் ஒரு ஜன்னல்

மார்ச் 3

எக்ஸ்ரே அக்காவுக்கு,

உன் வாலு எழுதுவது. நானும் என் வீட்டுக்காரரும் செடிகளும் சுகம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? அத்தானின் இருமல் நின்றதா?

போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் நம் இருவரில் ஒருத்தி படக்கென்று வைத்துவிடுகிறோம். நிலத்து விஷயத்தை இனிமேல் கடிதத்தில் மட்டும் பேசுவது என்று நீ போட்ட சட்டம் நல்ல சட்டம்தான். கடிதத்தைப் பாதியில் வைக்க முடியாது. கிழிக்கத்தான் முடியும்.

கிடங்கு கட்டப்போகிற கம்பெனிக்காரர் மறுபடியும் வந்தார். "ரெண்டு பேர் கையெழுத்தும் வேணும்மா, எப்பப் போடுறீங்க?" என்றார். அப்பா எங்கள் இருவர் பேரிலும் எழுதி வைத்த இடம், அக்கா ஜூலையில் வருகிறாள், அவள் ஒரு தடவை பார்க்கட்டும் என்றேன். "அவங்க பாக்காத இடமா?" என்று சிரித்தார். எனக்குச் சுருக்கென்றது. நிஜமாகவே நீ பார்த்ததில்லை அக்கா. ஒவ்வொரு தடவையும் கேட் வரைக்கும் வருவாய். செருப்பில் சேறு ஒட்டும் என்று அங்கேயே நின்று, "நல்லாத்தான் வெச்சிருக்கே" என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவாய்.

ஒரே ஒரு வேண்டுகோள். விமானங்கள் நம் சாலைக்கு மேலேதான் தாழ்ந்து வந்து இறங்குகின்றன. இந்த முறை விமானத்துக்குள் நடைபாதை ஓரம் உட்காராதே. ஜன்னல் கேள். இடது பக்க ஜன்னல். இறங்குவதற்குச் சற்று முன்னால், அந்த இடத்தில் நான் போட்டிருக்கும் செடி நர்சரி முழுசாகத் தெரியும். நீ வரும்போது எல்லாம் பூத்திருக்கும்படி விதைக்கப் போகிறேன். பார்த்த பிறகும் விற்கலாம் என்று நீ சொன்னால், வாயைத் திறக்காமல் கையெழுத்துப் போடுகிறேன். இது சத்தியம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

வாலு


மார்ச் 27

வாலுக்கு,

அக்கா எழுதுவது. இங்கே இருவரும் சௌக்கியம். இருமல் போய்விட்டது. முழங்காலை நானே படம் எடுத்துப் பார்த்தேன். கீல் பழசு, ஆனால் ஓடும். நீ வெயிலில் தொப்பி போடுகிறாயா, இல்லையா?

ஜன்னலில் அப்படி என்னடி இருக்கிறது? பத்து மணி நேரப் பயணம். நடைபாதை ஓரம் என்றால் காலை நீட்டலாம், யாரையும் எழுப்பாமல் எழுந்து போகலாம். ஜன்னலோரம் என்றால் இரண்டு குறட்டைகளைத் தாண்ட வேண்டும்.

இருந்தாலும் நீ கேட்டாயே என்று ஆஸ்பத்திரியில் விசாரித்தேன். தப்பு செய்துவிட்டேன். இதில் இரண்டு கட்சி இருக்கிறதாம். சூரியனுக்கு எதிர்ப் பக்கம் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் கண் கூசி ஒன்றும் தெரியாது என்று நர்ஸ் சொல்கிறாள். பக்கமே முக்கியமில்லை, இறக்கைக்கு முன்னாலா பின்னாலா என்பதுதான் முக்கியம் என்று மயக்க மருந்து டாக்டர் சொல்கிறார். இறக்கைக்கு மேலே இடம் கிடைத்தால் வழி முழுக்க ஒரு தகரத்தைப் பார்த்துக்கொண்டே வரவேண்டியதுதானாம். இருவரும் சாப்பாட்டு இடைவேளை முடியும்வரை விடவில்லை. எனக்குச் சிரிப்பாக வந்தது.

நிலத்து விஷயம் நேரில் பேசலாம். அத்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் விலைக்கு வீடு பார்க்கப் போகிறார். போன வாரம் நானும் போனேன். ஒரு வீட்டில் சமையலறை ஜன்னல் மிகப் பெரியது. வாடகை வீடு மாறி மாறி அலுத்துவிட்டது.

தொப்பி போடு.

அக்கா


ஏப்ரல் 12

அக்காவுக்கு,

வாலு. சுகத்துக்குக் குறைவில்லை. தொப்பி போடுகிறேன், ஆனால் அது எப்போதும் ஏதாவது ஒரு தொட்டியின் தலையில்தான் இருக்கிறது.

உன் ஆஸ்பத்திரியில் இரண்டு கட்சி என்றால் என் நர்சரியில் ஐந்து. செடி வாங்க வருகிறவர்களில் விமானம் ஏறியவர் யாராக இருந்தாலும் பிடித்து வைத்துக் கேட்கிறேன். ஓட்டல்காரர் இறக்கைக்குப் பின்னால் என்கிறார். பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை முன்னால் என்கிறார். ஒரு புதுமாப்பிள்ளை, தான் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை என்று அசடு வழிந்தான். அவனுக்கு ஒரு ரோஜாச் செடி சும்மா கொடுத்தேன்.

உன் விமானம் காலையில் வருகிறது. வெயில் அதன் முதுகில் விழும். அதனால் கண் கூசாது, உன் நர்ஸிடம் சொல். இறக்கைக்கு முன்னால் ஜன்னல் கேள், தலைமை ஆசிரியை சொன்னதே சரி. இடது பக்கம். சாலையில் அண்ணாந்து பார்த்து, நன்றாக யோசித்துத்தான் சொல்கிறேன்.

மூன்று மஞ்சள், இரண்டு சிவப்பு, மறுபடி மூன்று மஞ்சள் என்று பட்டை பட்டையாக வைக்கப்போகிறேன். சாலையிலிருந்து பார்த்தால் இது வெறும் கூட்டம். தண்ணீர்த் தொட்டி மேல் ஏறினால் பாதி தெரியும். முழுசாகப் பார்க்கிற இடம் என்று ஒன்று இருந்தால் அது உன் ஜன்னல்தான். எல்லாம் பைச்செடிகள். மண்ணில் நடவில்லை. கல் பூமிக்கு அதுதான் ஒத்துவருகிறது.

கிடங்குக்காரர் நேற்று அளவு நாடாவோடு வந்து நாற்று மேலேயே நடந்தார். "இன்னும் வித்தாகல, பாத்து நடங்க" என்றேன். நான் சொன்னது சரிதானே?

பெரிய ஜன்னல் வைத்த வீட்டைப் பற்றி எழுதியிருந்தாய். நல்ல வீடாகத்தான் இருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

வாலு


மே 4

வாலுக்கு,

அக்கா. நலம். பதில் எழுதத் தாமதமாகிவிட்டது, வேலை அதிகம்.

டிக்கெட் போட்டுவிட்டேன். இறக்கைக்கு முன்னால், ஜன்னல். ஆனால் வலது பக்கம். கோபப்படாமல் படி. நீ சாலையில் நின்று, விமானம் வருவதை எதிரே பார்த்திருப்பாய். எதிரே வருவதன் வலது, உனக்கு இடது. எங்கள் வேலையில் இது முதல் நாள் பாடம். படத்தில் இடது கைப் பக்கம் தெரிவது நோயாளியின் வலது நுரையீரல். இதில் தடுமாறினால் நல்ல காலுக்குக் கட்டுப் போட்டு அனுப்பிவிடுவார்கள். இருபது வருஷமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்துப் பழகிய கண் இது. அதனால் உன் இடதைத் திருப்பி வலது என்று போட்டுவிட்டேன்.

பத்திர அலுவலகம் எந்தெந்த நாள் திறந்திருக்கும் என்று விசாரித்து எழுது. பத்து நாள் லீவுதான் கிடைத்திருக்கிறது.

அக்கா


மே 19

அக்காவுக்கு,

நலம். அங்கும் நலம்தானே.

பத்திர அலுவலகம் திங்கள் முதல் வெள்ளி வரை. சனி, ஞாயிறு விடுமுறை. காலையில் சீக்கிரம் போனால் கூட்டம் குறைவு.

வலது என்றால் வலது. நீ உள்ளே இருப்பதையே படம் எடுத்துப் பார்க்கிறவள். நான் மண்ணைக் கிளறுகிறவள். நீ சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

வாலு


ஜூன் 8

என் வாலுக்கு,

நான் சுகம். நீ?

உன் கடிதத்தில் ஒரு கேலி இல்லை. ஒரு செடியின் பேர்கூட இல்லை. இரண்டு தடவை படித்தேன், வேறு யாரோ எழுதியது போல இருந்தது. பத்திர அலுவலகத்தைப் பற்றிக் கேட்டது உன்னைக் குத்தியிருக்கிறது, எனக்குத் தெரிகிறது. அதைப் பற்றி இப்போது ஒன்றும் எழுத வரவில்லை.

வேறொன்று எழுதுகிறேன். நான் ஏன் ஜன்னலோரம் உட்காருவதில்லை என்று உனக்குச் சொன்னதில்லை. காலை நீட்டுவதற்காக என்பது சும்மா. முதல் தடவை ஊரை விட்டுக் கிளம்பியபோது ஜன்னல் கேட்டு வாங்கித்தான் உட்கார்ந்தேன். விமானம் எழும்பியது. நீயும் அப்பாவும் எங்கேயாவது நின்று கை ஆட்டிக்கொண்டிருப்பீர்கள் என்று கீழே தேடினேன். தேடிக்கொண்டிருக்கும்போதே ஊர் ஒரு கைக்குட்டை அளவுக்கு ஆகிவிட்டது. அதற்கப்புறம் மேகம். போய்ச் சேரும்வரை அழுதேன். பக்கத்தில் இருந்தவர் தன் போர்வையையும் எனக்கே கொடுத்துவிட்டார். அன்றோடு ஜன்னலை விட்டேன். இந்தத் தடவை நீ கேட்டதால் உட்காருகிறேன். வேறு யார் கேட்டாலும் மாட்டேன்.

இன்னொன்றும் சொல்கிறேன், தலைக்கனம் ஏற்றிக்கொள்ளாதே. ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் உன்னைப் பற்றித்தான் பேசுகிறேன். கல்லுக்குள் பூ வரவைக்கிற தங்கை எனக்கு இருக்கிறாள் என்று. மயக்க மருந்து டாக்டர் உன் நர்சரியின் படம் கேட்டார். என்னிடம் ஒன்றுகூட இல்லை. வெட்கமாகப் போய்விட்டது.

அத்தான் தேவையான காகிதங்களைத் தயார் செய்துவிட்டார்.

கேலி செய்து ஒரு வரியாவது எழுது.

அக்கா


ஜூலை 1

அக்காவுக்கு,

வாலுதான். சுகமா என்று எழுத்தில் கேட்க வேண்டியதில்லை, நாளை மறுநாள் நேரிலேயே கேட்டுவிடுவேன். இதைத் தபாலில் போட்டால் பிரயோஜனமில்லை. நீ வீட்டுக்கு வந்ததும் கையில் கொடுக்கிறேன். எழுதாமல் இருக்க முடியவில்லை.

உன் கைக்குட்டைக் கடிதம் நேற்றுத்தான் வந்தது. படித்துவிட்டுச் செடிகளுக்கு நடுவில் உட்கார்ந்து மூக்கைச் சிந்தினேன். நீ அழுதாய் என்பதே எனக்குப் புதுச் செய்தி. இத்தனை வருஷமும் உனக்குக் கண்ணீர்ப் பையே கிடையாது என்றுதான் நினைத்திருந்தேன்.

மூக்கைச் சிந்திய கையோடு சந்தேகம் பிடித்துக்கொண்டது. இடதா, வலதா? வண்டியை எடுத்தேன். விமானம் வரும்போது அதற்குக் கீழே, அது போகிற திசையிலேயே சாலையில் ஓட்டினேன். நர்சரி என் இடது கைப் பக்கம். அடுத்த விமானத்துக்கும் ஓட்டினேன். இடதேதான். முதலில் நான் சொன்னதே சரி. நான் ஏற்கெனவே திருப்பிப் பார்த்துச் சொன்னதை நீ இன்னொரு தடவை திருப்பிவிட்டாய்.

உடனே சட்டத்தை மீறிப் போன் செய்தேன். நடந்தது உனக்கே தெரியும். "அக்கா, இடது..." என்று ஆரம்பித்தேன். "மறுபடியும் ஆரம்பிக்காதேடி. படம் எடுக்கிறது நீயா, நானா?" என்று கேட்டாய். "எல்லாத்தையும் தலைகீழாப் பாக்குறவ நீ" என்று நானும் கத்தினேன். வைத்துவிட்டாய். ஐந்து நிமிஷம்கூட இல்லை.

நீ இனி மாற மாட்டாய். வலது பக்கம்தான் உட்காருவாய். அங்கே நீ பார்க்கப்போவது எதிர்ப்புறத்து அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வெறும் சிமெண்டுத் திடல். அதைப் பார்த்துவிட்டு நேராகப் பத்திர அலுவலகம் போவாய்.

சரி, நீ இடது பக்கம் வராவிட்டால் போகிறது. பூ வரட்டும். அட்டைப்பெட்டிக்காரரிடம் போய் நின்றேன். "ஒரு நாளைக்கு உங்க திடல் வேணும்" என்றேன். "எதுக்கும்மா?" என்றார். "எங்கக்கா தப்பான பக்கம் உக்காந்து வர்றா" என்றேன். கேட்டைத் திறந்துவிட்டுத் தன் ஆட்களையும் அனுப்பினார். இன்று காலையிலிருந்து தூக்கிக்கொண்டிருக்கிறோம். வீட்டுக்காரர் வண்டி ஓட்டுகிறார். உனக்கென்ன பைத்தியமா என்று கேட்க வாயெடுத்தார், என் முகத்தைப் பார்த்து அடங்கிவிட்டார். பூத்த பை ஒன்று விடாமல் சாலையைத் தாண்டுகிறது. மூன்று மஞ்சள், இரண்டு சிவப்பு, அதே வரிசை. நாளை சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும்.

நீ கிடங்குக்காரருக்கே கொடு. ஆனால் பார்த்துவிட்டுக் கொடு.

வாலு


ஜூலை 3, விமான நிலையம்

என் தங்கைக்கு,

பெட்டி வருகிற பெல்ட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். என் பெட்டி என்னைத் தாண்டி மூன்றாவது சுற்றுப் போகிறது. போகட்டும். நீ அந்தத் திடலிலிருந்து வண்டியில் வந்து சேர இன்னும் நேரமாகும். நிலத்து விஷயம் கடிதத்தில் மட்டும் என்பது நம் சட்டம். அதனால் வெளியே வந்ததும் இதை உன் கையில் கொடுப்பேன். நீ படித்து முடிக்கும்வரை வாயைத் திறக்க மாட்டேன்.

உன் போனை வைத்த பிறகு எனக்குத் தூக்கமில்லை. சின்ன வயதிலிருந்து நீ ஒன்று சொல்வதும் நான் அதைத் திருத்துவதுமாகவே காலம் போய்விட்டது. அந்தச் சாலையில் தினமும் நிற்கிறவள் நீ. பத்து மணி நேரத்துக்கு அப்பாலிருந்து நான் எதைத் திருத்தினேன்? கவுண்ட்டரில் இருந்த பெண்ணிடம், "இடது பக்கம் மாத்திக் கொடும்மா" என்று கேட்டேன். "ஏன், வலதுல என்ன?" என்றாள். "என் தங்கச்சி இடதுன்னு சொன்னா" என்றேன். மாற்றிக் கொடுத்தாள்.

விமானம் தாழ்ந்தது. நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு பார்த்தேன். சாலை வந்தது. கேட் வந்தது. நம் இடம் வந்தது. அதில் ஒரு பூ இல்லை.

ஏதோ ஆகிவிட்டது, உனக்கு உடம்பு சரியில்லையோ, எல்லாம் காய்ந்துவிட்டதோ என்று பதறினேன். அப்போது வலது பக்கம் இருந்த பெரியவர், வழி முழுக்கத் தூங்கியவர், "அடேயப்பா! அங்க பாருங்க, பூவு!" என்று கத்தினார். எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்தார்கள். "நடுவுல ஒரு அம்மா நின்னு ரெண்டு கையையும் ஆட்டுது, பாருங்க, குதிக்குது!" என்றார். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்தே விட்டேன். பணிப்பெண், "உக்காருங்கம்மா!" என்று அலறினாள். "அது என் தங்கச்சி! அது என் தங்கச்சி!" என்று நான் அவளுக்கு மேல் அலறினேன். மொத்த விமானமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. முழங்கால் வலி ஞாபகமே இல்லை.

உன் பூவை நான் பார்க்கவில்லையடி. ஆனால் ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. பூ இருந்திருந்தால் பூவை மட்டும் பார்த்திருப்பேன். பூவை நீ எடுத்துவிட்டதால் உன் வேலையைப் பார்த்தேன். அப்பா விட்டுப்போனபோது அது சரளையும் உடைந்த ஓடும் கொட்டிய மேடு. என் மனசில் இன்று காலை வரை அதுதான் இருந்தது. அந்த மேட்டைத்தான் விற்க வந்தேன். மேலிருந்து பார்த்தால் மேடே இல்லை. ஓரத்தில் வட்டமாக ஒரு குளம், அதிலிருந்து வாய்க்கால்கள் விரல் விரலாகப் பிரிந்து கடைசிப் பாத்தி வரை போகின்றன. பொறுக்கிய கல்லையெல்லாம் சுற்றிலும் சுவராக அடுக்கியிருக்கிறாய். இருபது வருஷமாக உள்ளே இருப்பதைப் படம் எடுக்கிறேன், இவ்வளவு நேர்த்தியான எலும்புக்கூட்டைப் பார்த்ததில்லை. நீ ஒருத்தி இதைச் செய்தாய். நான் கேட்டில் நின்று "நல்லாத்தான் வெச்சிருக்கே" என்றேன்.

கையெழுத்துப் போட மாட்டேன். கிடங்குக்காரரிடம் நீயே சொல், உனக்குத்தான் அந்தச் சந்தோஷம் சேர வேண்டும். அத்தானிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

நீ வந்துவிட்டாய். கண்ணாடிக்கு அப்பால் தெரிகிறாய். முழங்கை வரை சேறு. தொப்பி இல்லை.

அக்கா


செப்டம்பர் 10

அக்காவுக்கு,

வாலு. இங்கு எல்லோரும் நலம். அங்கே அத்தானின் கோபம் நலமா?

விமான நிலைய வாசலில் அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு நான் போட்ட சத்தத்தில் காவலாளி ஓடி வந்ததை இங்கே இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள். நீ பத்து நாளும் சேற்றில் வெறுங்காலோடு நடந்ததையும் சொல்கிறார்கள். உன் டாக்டர் கேட்ட படங்களை இத்துடன் வைத்திருக்கிறேன். தண்ணீர்த் தொட்டி மேலிருந்து எடுத்தது, என் கட்டைவிரலும் விழுந்திருக்கிறது.

கிடங்குக்காரரிடம் சொன்னேன். "அக்கா பாத்துட்டாங்களா?" என்று கேட்டார். "பாத்துட்டா" என்றேன். நாடாவைச் சுருட்டிக்கொண்டு போனார்.

ஒரு சேதி. பைகளைத் திருப்பி எடுத்து வந்த மறுநாளே அட்டைப்பெட்டிக்காரர் கேட்டுக்கு வந்து நின்றார். "பூ போனதிலேருந்து எங்க ஆளுங்களுக்கு வேலையே ஓடல. பாதியை அங்கேயே வெச்சுக்குங்களேன்" என்றார். வைத்துவிட்டேன். ஆகையால் அடுத்த தடவை சண்டை வேண்டாம். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் உட்கார்.

வாலு


டிசம்பர் 2

என் வாலுக்கு,

அக்கா எழுதுவது. சுகம். முழங்கால் உன் சேற்றில் நடந்த பிறகு தேவலை, நர்ஸிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறாள். படங்கள் எங்கள் இடைவேளை அறைச் சுவரில் இருக்கின்றன. உன் கட்டைவிரலோடு.

பெரிய ஜன்னல் வைத்த அந்த வீட்டை வேறு யாரோ வாங்கிவிட்டார்கள். அத்தான் ஒரு வாரம் பேசவில்லை. நானும் இரண்டு நாள் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை. அப்புறம் ஒரு நாள் அவரே ஆஸ்பத்திரிக்கு வந்து, அந்த இடைவேளை அறைச் சுவரில் இருந்த படத்தின் முன்னால் வெகுநேரம் நின்றார். "இது அந்த மேடா?" என்று கேட்டார்.

ஏப்ரலில் இரண்டு பேரும் வருகிறோம். டிக்கெட் போடும்போது அவரை இடது ஜன்னலிலும் என்னை வலது ஜன்னலிலும் போட்டேன். "புருஷன் பொண்டாட்டி எதுக்குத் தனித்தனியா உக்காரணும்?" என்று கேட்டார்.

"ரெண்டு பக்கமும் என் தங்கச்சி இருக்கா" என்றேன்.

அக்கா